மேல்மாடி உத்தரவு

கோர்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெயிண்டருக்குச் சட்டைக் காலர் கழுத்தை நெரித்தது. பக்கத்தில் அவன் மச்சினன் மட்டும் சினிமாவுக்கு வந்தவன் மாதிரி காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

“ரெண்டே ரெண்டு சனிக்கிழமை, மாமா. தலையையா வாங்கிடப் போறாங்க? அபராதத்தைக் கட்டிட்டுக் கிளம்பிடலாம்.”

“வாயை மூடு மாப்ள. கூப்பிடப் போறாங்க.”

அடிதடி வழக்கில் இதே கீழ்க்கோர்ட்தான் பெயிண்டருக்கு ஆறு மாதம் ஜெயில் போட்டது. விடாப்பிடியாக அப்பீல் போனான். மேல்கோர்ட் நீதிபதி ஜெயிலை மாற்றி, ஒரு வருடம் சனிக்கிழமைதோறும் ஆஸ்பத்திரிச் சுவர்களுக்குச் சம்பளமில்லாமல் பெயிண்ட் அடிக்கச் சொன்னார். ஜெயித்துவிட்டதாகத் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தான். அப்புறம் வெளியூரில் ஒரு பெரிய வேலை வந்தது. இரண்டு சனிக்கிழமை ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை.

கூப்பிட்டார்கள். நீதிபதி அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“ஏன்ப்பா போகல?”

“தப்புதாங்கம்மா. அந்த ரெண்டு நாளுக்கும் சேர்த்து அடிச்சுக் கொடுத்துடறேன்.”

“அடிச்சுத்தானே இங்க வந்து நிக்கற?”

கோர்ட்டே சிரித்தது. அவர் பேனாவைத் திறந்தார். மச்சினன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

அப்போது கிளார்க் எழுந்துபோய்க் கோப்பில் ஒரு பக்கத்தைப் பிரித்து நீட்டினார். கீழே இருந்த முத்திரையை விரலால் தொட்டார், அவ்வளவுதான்.

நீதிபதி படித்தார். பேனாவை மூடினார்.

“இது இப்ப என் உத்தரவு இல்லப்பா. மேல்கோர்ட் போட்டது. அதை மீறினா அவங்கதான் விசாரிக்கணும். நான் அபராதம்கூடப் போட முடியாது.”

“நீங்களே முடிச்சு விட்டுடுங்கம்மா.”

“எனக்கு அதிகாரம் இல்ல.”

அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. குரலில் இருந்த இரக்கம்தான் அவனைப் பயமுறுத்தியது. மேல்கோர்ட் நீதிபதி அன்று சொன்னது காதில் கேட்டது: ‘அந்த ஆறு மாச ஜெயில் எங்கயும் போயிடல. ஒரு நாள் தவறினாலும் எடுத்துக் கொடுத்துடுவேன்.’

கிளார்க் கோப்பைக் கட்டினார். கடைசி பெஞ்சில் செல்போனை நோண்டிக்கொண்டிருந்த போலீஸ்காரர் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

“மேல்கோர்ட் மேல்மாடிலதான். வா, ஏறலாம்.”

“மாமா… அங்கயும் அபராதம்தானே?” மச்சினனின் கால் ஆடவில்லை.

பெயிண்டர் வண்டிச் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தான். கொஞ்சம் யோசித்து வீட்டுச் சாவியையும் வைத்தான்.

“உங்க அக்காகிட்ட எனக்காகச் சாப்பிடாம காத்திருக்க வேணாம்னு சொல்லு.”