வேன்காரம்மாவின் புது வண்டி

“தள்ளுங்க, தள்ளுங்க! பின்னாடி பஸ்காரர் முறைக்கிறாரு!” என்று வேன்காரம்மா ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டே கத்தினாள்.

அவள் கணவர் இறங்கித் தள்ளினார். வாங்கி ஆறே நாளான மோட்டார் சைக்கிள். பின்சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட அவள் இன்னும் கிழிக்க விடவில்லை. அதற்குள் பதினோராவது தடவையாக நடுரோட்டில் நின்றுவிட்டது. வேறு யாராவது என்றால் வண்டியை விற்றவனின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டியிருப்பார்கள். இவளுக்கோ நிற்க நிற்க உற்சாகம் கூடிக்கொண்டே போனது.

ஓரமாக நிறுத்தியதும் ஹெல்மெட்டைக் கழற்றினாள். நரைத்த முன்மயிர் வியர்வையில் ஒட்டியிருந்தது.

“இந்தத் தடவை நல்லாப் பாத்தேங்க. நிக்கிறதுக்கு முன்னாடி மீட்டர்ல ஒரு சிவப்பு லைட்டு, இப்படி ஒரு கண் சிமிட்டு. சைடு ஸ்டாண்டு போட்டிருந்தா எரியுமே, அந்த லைட்டு.”

“ஸ்டாண்டைத்தான் எடுத்துட்டியே.”

“அதைத்தான் சொல்றேன்! ஸ்டாண்டு மேலதான் இருக்கு. ஆனா கீழ இருக்குன்னு வண்டி நினைச்சுக்குது. ஸ்டாண்டு கீழ இருந்தா ஓடக் கூடாதுன்னு இன்ஜினை அணைச்சிடுது. அது மேல தப்பே இல்ல, பாவம். யாரோ அதுகிட்ட பொய் சொல்றாங்க.”

இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். அவள் சொந்தப் பெயர் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஓய்வு பெற்ற மறுமாதமே, “இனிமே ஹாரன் அடிச்சு யாரையும் எழுப்ப வேண்டியதில்ல, என் இஷ்டத்துக்கு ஒரு வண்டி” என்று கிளம்பிவிட்டாள். ஸ்கூட்டரைக் காட்டிய விற்பனைப் பெண்ணிடம், “கியர் இல்லாம ஓட்டினா சோத்தை வேற யாரோ மென்னு ஊட்டிவிட்ட மாதிரி இருக்குமேம்மா” என்றாள். அந்தப் பெண் சிரித்துவிட்டுக் கரும்பச்சை நிற மோட்டார் சைக்கிளைக் காட்டினாள். அதற்குப் பிறகு கணவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“இப்ப நீங்க ஒரு வேலை செய்யணும்” என்றாள். “மார்க்கெட்டுக்குப் பின்னாடி, குழாய்க்குத் தோண்டி மூடின ரோடு இருக்குல்ல, அங்க போறோம். நீங்க என் தோளுக்கு மேல எட்டி அந்த லைட்டையே பாக்கணும். கண்ணை எடுக்கக் கூடாது.”

“நடுரோட்டுலயா? நாலு பேர் பாப்பாங்க.”

“பாக்கட்டுமே. கட்டின பொண்டாட்டி தோள்தானே.”

முப்பத்து நான்கு வருடத்தில் அவர் வெளியில் அவள் கையைக்கூடப் பிடித்ததில்லை. இப்போது பட்டப்பகலில் அவள் தோள்மேல் தாடையை வைத்துக்கொண்டு, ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் டொக்டொக்கென்று இடிக்க, மேடுபள்ளத்தில் குலுங்கிப் போனார். முதல் பள்ளம், ஒன்றுமில்லை. இரண்டாவது பள்ளம், ஒன்றுமில்லை. மூன்றாவதில் வண்டி அமுங்கி எழுந்தது. சிவப்பு விளக்கு ஒரு நொடி எரிந்து அணைந்தது. இன்ஜின் நின்றது.

“பாத்தேன்!” என்று அவர் அவள் காதுக்குள் கத்தினார். “பாத்தேன் பாத்தேன்!”

அவள் வண்டியில் உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் தட்டினாள். அப்படியே சர்வீஸ் சென்டருக்கு விட்டாள்.

சர்வீஸ் சென்டரின் தலைமை மெக்கானிக் கதவு முட்டும் உயரம். பேச்சு குறைவு. துணியில் கையைத் துடைத்துக்கொண்டே அவள் சொன்ன முழுவதையும் கேட்டார். பிறகு வண்டியை எடுத்து எதிரே இருந்த வழவழப்பான சாலையில் இரண்டு சுற்று போய்வந்தார். வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது.

“வண்டியில ஒண்ணும் இல்லைம்மா. கிளட்ச்சைப் பட்டுன்னு விடுறீங்க, அதான்.”

“இருபத்திரண்டு வருஷம் கிளட்ச் மிதிச்ச காலுங்க இது.”

“வேன் வேற, இது வேறம்மா. லைட்டு எரியறது வெயில்ல சும்மா தெரியும்.”

“என் வீட்டுக்காரரும் பாத்தாரு. கேளுங்க.”

மெக்கானிக் திரும்பி அவரைப் பார்த்தார். சுற்றி நின்ற மூன்று பேரும் பார்த்தார்கள். “சார், நீங்க பாத்தீங்களா?”

அவள் கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. நாள் முழுக்கக் கண்ணுக்கு முன் வில்லைகளை மாற்றிப் போட்டு, ‘இதுவா, அதுவா, எது தெளிவு?’ என்று கேட்கிற வேலை. ‘ரெண்டும் தெரியிற மாதிரிதான் இருக்கு’ என்று யாராவது சொன்னால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். ‘தெரியுதா, தெரியலையா? மாதிரின்னு ஒரு பவர் கிடையாதுங்க’ என்பார். வீட்டுக்கு வந்து அவளிடமும் சொல்லிப் புலம்புவார்.

“வந்து...” என்றார் அவர். “எரிஞ்ச மாதிரி இருந்துச்சு.”

அவள் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

“வண்டி இங்கயே இருக்கட்டும்மா” என்றார் மெக்கானிக், கொஞ்சம் இளகி. “முழுசாப் பாத்துட்டு, நாளைக்குக் காலையில நானே வீட்டுக்குக் கொண்டாந்து விடறேன்.”

பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் வரைக்கும் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவர் டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டித் தீக்குச்சி அளவுக்கு ஆக்கிவிட்டார். மூன்றாவது நிறுத்தத்தில் அவள் தோள் குலுங்கியது. பயந்துபோய்ப் பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“மாதிரின்னு ஒரு பவர் இருக்கா என்ன?”

“அந்த ஆளு பாத்த பார்வையில எனக்கு வாய் குழறிடுச்சு.”

“இன்னும் கொஞ்சம் பாத்திருந்தா, நீங்க என் புருஷனே இல்லைன்னு சொல்லியிருப்பீங்க.” முழங்கையால் அவர் விலாவில் ஒரு இடி இடித்தாள். “போகட்டும். நாளைக்கு அவரையே மார்க்கெட் ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

வீட்டில் மத்தியானச் சாப்பாடு முடிந்தது. அவள் முன்னறையில் ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்தாள். அவர் சமையலறையில் டீ போட்டார். நாற்காலியில் இருந்தபடியே அவள் பேசிக்கொண்டிருந்தாள். எந்தெந்தத் தெருவில் நின்றது, எத்தனையாவது கியரில் நின்றது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ‘ம்’ கொட்டிக்கொண்டு டீயை வடிகட்டினார்.

“ஏங்க!” என்றாள் திடீரென்று. குரலில் அப்படி ஒரு துள்ளல். “இப்பத்தான் உறைக்குது. நான் தனியாப் போனப்ப ஒரு நாள்கூட நிக்கல! பன்னெண்டு தடவையும் பின்னாடி நீங்க இருந்தீங்க. நீங்க ஏறினாத்தான்...”

“அதுக்கும் நான்தான் காரணமா?” என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். பதிலுக்கு ஒரு கிண்டல் வரும் என்று நினைத்தார். வரவில்லை. இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு போனார். அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்து உட்கார்ந்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஆள்காட்டி விரல், ஒன்றைச் சுட்டிச் சொல்ல வந்ததுபோல, மடியில் நீண்டிருந்தது.

அடுத்த தெரு டாக்டர் வந்து இதயம் என்றார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவருக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். யாரோ நாற்காலிகளை வரிசையாகப் போட்டார்கள். விடிந்தபோது, வெளியூரிலிருந்து வந்த மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முன்னறையில் வேன்காரம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். அவள் வேனில் ஏறி இறங்கிய பிள்ளைகள் இப்போது மீசையோடும் கைக்குழந்தைகளோடும் வந்து நின்றார்கள். சுடுகாட்டுக்கு எடுத்துப்போகும் வண்டி பத்தரைக்கு வரும் என்றார்கள்.

பத்து மணிக்கு வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

அவர் எழுந்து போனார். மெக்கானிக் கரும்பச்சை வண்டியை நிறுத்திவிட்டு, வரிசை நாற்காலிகளையும் வாசலில் குவிந்திருந்த செருப்புகளையும் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். அவ்வளவு உயரமும் குறுகிப்போயிருந்தது.

“சார்... அம்மாவா?”

“நேத்து மத்தியானம்.”

மெக்கானிக் சாவியை நீட்டவும் முடியாமல், பையில் வைத்துக்கொள்ளவும் முடியாமல் நின்றார். “நான் அப்புறமா வர்றேன் சார். வண்டியைக் காலையில முப்பது கிலோமீட்டர் ஓட்டிப் பாத்தேன். ஒரு பிரச்சினையும் இல்ல. அதைச் சொல்லத்தான்...”

“தனியா ஓட்டினீங்களா?”

“ஆமா சார்.”

அவர் உள்ளே போனார். ஆணியில் இரண்டு ஹெல்மெட் மாட்டியிருந்தது. தன்னுடையதை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து, பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பிளாஸ்டிக் உறை கீச்சிட்டது.

“ஏறுங்க. மார்க்கெட்டுக்குப் பின்னாடி ரோடு.”

“சார், இந்த நேரத்துல...”

வேன்காரம்மாவின் அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். “என்ன மாப்ளே இது? எங்க கிளம்பறீங்க?”

“வண்டி வர இன்னும் அரை மணி இருக்கு மச்சான். இதோ வந்துடறேன்.”

“நாலு பேர் பாத்தா என்ன நினைப்பாங்க?”

“பாக்கட்டும்” என்றார் அவர்.

மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தடுக்கவில்லை. மெக்கானிக் அவளைப் பார்த்தார். அவள் தலையை அசைத்தாள். வண்டி கிளம்பியது.

மார்க்கெட் ரோட்டில் திரும்பியதும், மெக்கானிக்கின் தோள் எட்டாமல், அவர் ஃபுட்ரெஸ்ட்டை ஊன்றி எழும்பிப் பார்த்தார். “மீட்டரைப் பாருங்க. கண்ணை எடுக்காதீங்க!” முதல் பள்ளம். இரண்டாவது. மூன்றாவதில் வண்டி அமுங்கி எழுந்தது. ஒன்றுமில்லை. “நேரா உக்காருங்க சார், விழுந்துடுவீங்க.” அவர் தன் முழுக் கனத்தையும் பின்சீட்டில் பொத்தென்று போட்டார்.

நான்காவது பள்ளத்தில் இன்ஜின் நின்றது.

“நின்னுடுச்சு!” என்று கத்தினார். “நின்னுடுச்சு! நின்னுடுச்சு!” வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரிப்பேரான வண்டிக்கு இப்படிக் குதிக்கிற மனிதரை அவர்கள் பார்த்ததில்லை. “லைட்டைப் பாத்தீங்களா?”

“பாத்தேன் சார்.”

“பாத்த மாதிரியா, பாத்தீங்களா?”

மெக்கானிக் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அவர் முகத்தை நேராகப் பார்த்தார். “தெளிவாப் பாத்தேன் சார். அம்மா சொன்னது சரி.”

அங்கேயே, ரோட்டோரத்தில், மெக்கானிக் மண்டியிட்டுப் படுத்து வண்டிக்கு அடியில் கையை விட்டார். இவரும் குனிந்து பார்த்தார். இருவருக்கும் அவசரம். ஒரு மெல்லிய கறுப்பு ஒயரை மெக்கானிக் விரலால் சுண்டிக் காட்டினார். வீணைக் கம்பி மாதிரி விறைத்துக்கொண்டிருந்தது.

“ஸ்டாண்டு சுவிட்சுக்குப் போற ஒயர் சார். வண்டியைக் கோக்கும்போதே இழுத்துக் கட்டிட்டாங்க. ஒருத்தர் உக்காந்தாத் தாங்கும். ரெண்டு பேர் கனத்துல பின்பக்கம் அமுங்கினா, பள்ளத்துல இழுபட்டு ஒரு நொடி கழண்டு மறுபடி ஒட்டிக்குது.”

“ரெண்டு பேர் கனத்துல” என்று அவர் திருப்பிச் சொன்னார். “அதைத்தான் அவளும் சொன்னா. நேத்து மத்தியானம்.”

மெக்கானிக் பாக்கெட்டிலிருந்து இடுக்கியை எடுத்து, இறுக்கிக் கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டையை வெட்டினார். ஒயரைத் தளர்த்தி வேறு வழியாக விட்டார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. திரும்பும்போது அதே பள்ளங்களில் ஏற்றி இறக்கினார். வண்டி நிற்கவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்னாலிருந்து “இல்ல! எரியல!” என்று குரல் வந்துகொண்டே இருந்தது. தெரு முனையில் திரும்பியதும் அந்தக் குரல் நின்றது.

வீட்டு வாசலில் வெள்ளை வண்டி வந்து நின்றிருந்தது. பின்கதவு திறந்திருந்தது.

அவர் வேகமாக இறங்கி, ஹெல்மெட்டோடு முன்னறை வாசல்வரை போனார். சொல்ல வேண்டியது தொண்டைவரை வந்திருந்தது. உள்ளே இருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்கள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். வந்த வழியே திரும்பினார்.

மெக்கானிக் இரண்டு கையையும் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி வாசலில் நின்றிருந்தார். முழங்கைவரை கறுப்பு மசகு. “உள்ள வரணும் சார். அம்மாவை ஒரு தடவை பாக்கணும். இந்தக் கையோட எப்படி...”

“வாங்க.”

கொல்லைப்பக்கம் கூட்டிப் போனார். சோப்பை எடுத்துக் கொடுத்தார். வாளியிலிருந்து குவளையில் மொண்டு ஊற்றினார். மெக்கானிக் தேய்த்தார். கறுப்பாக நுரைத்து வழிந்தது. மறுபடி மொண்டு ஊற்றினார். சாம்பல் நிறமாக வழிந்தது.

“அப்பா” என்று மகள் பின்கதவில் வந்து நின்றாள். “எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்கப்பா.”

“இதோ ஆச்சு” என்றார் அவர்.

மெக்கானிக்கின் கை எப்போதோ சுத்தமாகிவிட்டது. அவர் இன்னொரு குவளை மொண்டார். மெக்கானிக் கையை நீட்டியபடியே நின்றார்.