ராஜமாணிக்கத்தின் காருக்குக் காய்ச்சல்

திருவண்ணாமலையில் ராஜமாணிக்கத்தின் வாடகைக் காரில் ஏறியவர்கள் யாரும் போகவேண்டிய ஊருக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. மெட்ராஸ் விமான நிலையம் என்று பேசி ஏறுவார்கள், செஞ்சியில் இறங்கிவிடுவார்கள். ஆசிரமத்தில் ஆறு மாதம் தங்கியிருந்த ஒரு ஜெர்மன்காரி மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு திண்டிவனம் வரை வந்தாள். அங்கே இறங்கி, அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, பஸ் ஏறிப் போனாள். கீழ்பென்னாத்தூர் தாண்டுவதற்குள் இறங்கினவர்களும் உண்டு. அவர்கள் கையைக் குலுக்கவில்லை.

காரணம், கார் உள்ளே அனல் அடித்தது. தொண்ணூற்றெட்டாம் வருஷம், அக்னி நட்சத்திரம். வெளியே இருக்கிற வெயில் போதாதென்று டாஷ்போர்டில் இருந்த நாலு ஓட்டையிலிருந்தும் அடுப்பு ஊதினமாதிரி காற்று வந்தது.

அது ஒரு பழைய வெளிநாட்டுக் கார். கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்காரர் வைத்திருந்தது. வாங்கிக் கொடுத்த தரகன், ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னக் குச்சியைக் காட்டி, "மலைக்காரங்களுக்கு சூடு வேணும், உங்க ஊருக்கு சில்லுனு வேணும். ரெண்டும் வரும். மேல நீலப் புள்ளி, கீழ செவப்புப் புள்ளி. குச்சிய நீலத்துல வச்சிக்க, அவ்ளோதான்" என்று சொல்லியிருந்தான். ராஜமாணிக்கம் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். வண்டியில் ஏறியதும் முதல் வேலையாகக் குச்சியை நீலத்துக்குத் தள்ளி, கட்டைவிரலால் இன்னொரு அழுத்து அழுத்துவான். ஃபேனை அணைத்துப் பார்த்தான். ஃபேன் நின்றது, காற்று நிற்கவில்லை. ஓடுகிற வேகத்தில் எதிர்க்காற்று அதே வழியாக உள்ளே வந்து கொதித்தது. ஓட்டைகளில் லுங்கியைக் கிழித்து அடைத்தான். அனல் முன்கண்ணாடிக்குக் கீழேயிருந்து புறப்பட்டது.

அவலூர்பேட்டை ரோட்டில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் சகாதேவன் லாரி வேலையில் கெட்டிக்காரர். ஆனால் காருக்குள் சூடு வருவதற்கென்றே ஒரு சாமானை வைத்திருப்பார்கள் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. "காசு குடுத்து எவனாவது சூடு வாங்குவானா?" என்றார். இன்ஜின் சூடுதான் தகரம் வழியாக உள்ளே வருகிறது என்று முடிவுகட்டி, ஈரச் சாக்கை மடித்து இடையில் திணித்தார். அதற்குப் பிறகு காருக்குள் சூட்டோடு புழுக்கமும் சேர்ந்து, இட்லிப் பானைக்குள் உட்கார்ந்தமாதிரி ஆயிற்று.

இரண்டாவது வாரம் அவர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"மாணிக்கம், இது மலைநாட்டு வண்டி. நம்ம ஊரு தண்ணி ஒத்துக்கல."

"வண்டிக்கா?"

"ரேடியேட்டர்ல ஊத்துறது தண்ணி தானே? அங்க ஊத்துனது அருவித் தண்ணி. இங்க போர் தண்ணி, உப்பு ஜாஸ்தி. சூடு ஏறாம என்ன பண்ணும்?"

ராஜமாணிக்கம் மறுநாளே ஜவ்வாது மலைக்கு பஸ் ஏறிப்போய் இரண்டு கேன் ஓடைத் தண்ணீர் பிடித்துவந்தான். ஊற்றினார்கள். கார் முன்னைப்போலவே அனல் கக்கியது. சகாதேவன், "பழகணும் இல்ல, ரெண்டு நாள் ஆவும்" என்றார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள் ராஜமாணிக்கத்தின் மனைவி பாஞ்சாலை. அவள் ஊருக்குள் ஒரு தனியார் கிளினிக்கில் பதினோரு வருஷமாக நர்ஸ். டாக்டர் சாப்பிடப் போகிற நேரத்தில் அவள்தான் டாக்டர். ஒரு நோயாளியைப் பார்க்காமலேயே மருந்து மாற்றுவது அவளுக்கு ஆகாது.

"ஏங்க, எத்தனை டிகிரி இருக்குதுனு யாராவது பாத்தீங்களா?"

"சூடா இருக்குது. அது போதாதா?"

"சூடா இருக்குதுனு சொல்லிக்கினு வர ஒவ்வொருத்தருக்கும் நாங்க ஊசி போட்டா என்னாவறது?"

அன்று சாயந்திரமே கிளினிக்கிலிருந்து காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து காற்று வரும் ஓட்டையில் செருகினாள். பாதரசம் நூற்றெட்டை எட்டியது, அதற்குமேல் போக இடமில்லாமல் குமிழ் வெடித்தது. மனுஷனாக இருந்தால் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பான்.

மறுநாள் லேபில் தண்ணீர்ச் சூடு பார்க்கிற, செல்சியஸ் கணக்குப் போட்ட நீளத் தெர்மாமீட்டரையும், ஒரு அட்டையில் செருகிய சார்ட்டையும் கொண்டுவந்தாள். ஊரை ஒட்டின வேங்கிக்காலில் அவர்கள் குடியிருந்த புது நகரில் எல்லா வீட்டு வாசலும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். அத்தனை பேரும் பார்க்க, சார்ட்டைக் காரின் முன்பக்க பம்பரில் தொங்கவிட்டாள். காலை ஆறு, எட்டு, பத்து என்று இரண்டு மணிக்கொருதரம் இன்ஜினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு அளந்து எழுதவேண்டும் என்று புருஷனுக்கு உத்தரவு. அவள் டியூட்டிக்குப் போனபிறகு அவன் எழுதினான். அறுபத்தொன்று. அறுபத்திரண்டு. அறுபத்தொன்று. வேலைக்குப் போகிறவர்கள் நின்று சார்ட்டைப் படித்துவிட்டு, "இன்னும் கொறையலையா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

இந்தப் பேச்சு எப்படியோ உருண்டு போளூரிலிருந்த பச்சையம்மாள் காதுக்கு எட்டியது. ராஜமாணிக்கத்தின் அப்பாவுக்குத் தங்கை. சத்துணவுக் கூடத்தில் இருபது வருஷம் சமைத்து ஓய்ந்தவள். "ராஜமாணிக்கம் வூட்ல சூடு எறங்கவே இல்லையாம், பாஞ்சாலை சார்ட் போட்டு பாத்துக்குதாம்" என்று யாரோ சொல்ல, ஒரு வயர் கூடையில் ஒரு டஜன் ஆரஞ்சும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிப் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

வாசலில் அண்ணன் மகன் உயிரோடு நின்று காரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்னாடா, நீ நல்லாதானே இருக்கற?"

"எனக்கென்ன அத்தே? வண்டிக்குத்தான்."

பச்சையம்மாள் காரைப் பார்த்தாள். சார்ட்டைப் பார்த்தாள். வந்தது வந்தாயிற்று, நோயாளியைப் பார்க்காமல் போவது முறையல்ல. கதவைத் திறந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கூடையை வைக்க இடம் தேடி, கைக்கு எட்டினதில் மாட்டினாள். நாலு மணி ஆகிவிட்டதென்று ராஜமாணிக்கம் ஜன்னல் வழியாகச் சாவியைத் திருப்பி இன்ஜினை ஓடவிட்டான். அத்தை ஒரு ஆரஞ்சை உரித்துச் சாப்பிட்டுக்கொண்டே ஊர்க்கதை பேசினாள். பத்து நிமிஷம் கழித்து அவன் தெர்மாமீட்டரைப் பார்த்தான். முப்பத்தொன்பது. வெளியில் என்ன வெயிலோ அதே சூடு, ஒரு டிகிரி கூட ஜாஸ்தி இல்லை.

"பாஞ்சால! எறங்கிடுச்சி! எறங்கிடுச்சி!"

எதிர்வீட்டு ஜோதியம்மாள் கரண்டியோடு ஓடிவந்தாள். அத்தை, என்னவோ ஏதோ என்று கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். ராஜமாணிக்கம் கொண்டாட்டமாக ஏறி உட்கார்ந்தான். பழக்க தோஷத்தில் குச்சியை நீலத்துக்குத் தள்ளி அழுத்தினான். ஐந்து நிமிஷத்தில் அறுபத்தொன்று.

அத்தையைத் திரும்ப ஏற்றினார்கள். கூடையோடு உட்கார்ந்தாள். முப்பத்தொன்பது.

அதற்குமேல் ராஜமாணிக்கத்துக்கு வேறு ஆதாரம் தேவைப்படவில்லை. அத்தைக்குக் கைராசி. சின்ன வயசில் அவனுக்கு அம்மை போட்டிருந்தபோதுகூட அவள் வந்து உட்கார்ந்தபிறகுதான் சூடு தணிந்தது என்று ஞாபகப்படுத்தினான். அத்தைக்கு அப்படி எதுவும் ஞாபகமில்லை, ஆனாலும் மறுக்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து, ராஜமாணிக்கம் ஏறிக் குச்சியை நீலத்துக்குத் தள்ளினபிறகு, அவள் கூடையோடு முன்சீட்டில் ஏறினாள். ஒரு பிரெஞ்சுத் தம்பதி ராஜமாணிக்கத்தின் காரில் மெட்ராஸ் விமான நிலையத்துக்கே போய்ச் சேர்ந்தார்கள். இது அவன் சரித்திரத்தில் முதல் தடவை. வழியில் அந்த வெள்ளைக்காரர் முன்னால் குனிந்து, இந்த அம்மா யார் என்று கேட்டார்.

"ஏசி சார்" என்றான் ராஜமாணிக்கம்.

பச்சையம்மாள் திரும்பி வணக்கம் வைத்தாள்.

அவள் அதுவரை போளூருக்கும் திருவண்ணாமலைக்கும் இடையில் போய்வந்தவள்தான். ஒரே மாதத்தில் பெங்களூர் பார்த்தாள், திருப்பதி பார்த்தாள், வேலூர்க் கோட்டையைச் சுற்றிவந்தாள். எந்தக் கடையில் டீ நன்றாக இருக்கும் என்று அவளே சொல்லி நிறுத்தச் சொல்வாள். சவாரி பேச வந்தவர்கள், "அந்த அம்மா வருவாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார்கள். சகாதேவனும் பட்டறையில் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்: "மலைத் தண்ணியும் அந்தம்மா கையும், ரெண்டும் சேந்துதான் வேலை செஞ்சிருக்குது."

பாஞ்சாலைக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. காரணம் தெரியாமல் இறங்கின காய்ச்சல் அவள் கணக்கில் குணம் இல்லை. கிளினிக்கில் அப்படி வீட்டுக்கு அனுப்பினவர்கள் நாலாம் நாள் ஆட்டோவில் திரும்பி வந்ததைப் பார்த்தவள். வார விடுமுறை நாள் ஒன்றில் அத்தையைக் கூப்பிட்டாள்.

"அத்தை, கூடைய வச்சுட்டு சும்மா ஏறி உக்காருங்க."

"கூடை எதுக்கு, நான்தானே முக்கியம்" என்று சொல்லிக்கொண்டே அத்தை ஏறினாள். ராஜமாணிக்கம் வழக்கம்போல் குச்சியை நீலத்துக்குத் தள்ளி இன்ஜினை ஓடவிட்டான். பத்து நிமிஷம். அறுபத்தொன்று. பச்சையம்மாளின் முகம் சுருங்கிவிட்டது. புடவையைச் சரிசெய்துகொண்டு, நேராக நிமிர்ந்து, கண்ணை மூடி உட்கார்ந்து பார்த்தாள். அறுபத்திரண்டு.

பிறகு கூடையை மட்டும் பின்சீட்டில் வைத்தாள் பாஞ்சாலை. அறுபத்தொன்று. கடைசியாக, அத்தையைக் காருக்கு வெளியே நிற்கவைத்துவிட்டு, "நீங்க எங்க மாட்டுவீங்க, காட்டுங்க" என்றாள். அத்தை ஜன்னல் வழியாகக் கைநீட்டி அந்தக் குச்சியில் கூடையை மாட்டினாள். குச்சி, கனம் தாங்காமல் சறுக்கிக்கொண்டு கீழே இறங்கியது. முப்பத்தொன்பது.

"பாத்தியா, கூடைதான்!" என்று ராஜமாணிக்கம் வீட்டுக்குள் ஓடிக் குங்குமத்தோடு வந்தான். அவன் கூடைக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருக்கும்போதே பாஞ்சாலை அதைக் கழற்றித் தரையில் வைத்தாள். குச்சியை மேலே தள்ளினாள், காற்று சுட்டது. ஒரே விரலால் கீழே சிவப்புக்கு இழுத்தாள், சூடு வடிந்தது. மறுபடி மேலே. மறுபடி கீழே.

"ஏங்க, இந்தக் குச்சிய ஒரு தடவையாவது செவப்புல வச்சிப் பாத்தீங்களா?"

ராஜமாணிக்கத்துக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "இந்த வெயில்ல எவனாவது செவப்புல வைப்பானா? நீ வைப்பியா? சொல்லு!"

பாஞ்சாலை யோசித்துப் பார்த்தாள். தானும் வைத்திருக்க மாட்டாள் என்றுதான் தோன்றியது.

சகாதேவன் வந்து டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். இன்ஜினிலிருந்து ஒரு ரப்பர் குழாய் சுடுதண்ணீரை உள்ளே கொண்டுவந்தது. அதைத் திறந்து மூட ஒரு குழாய்த் திருகு. குச்சியிலிருந்து அதற்குப் போன கம்பியை எந்தக் காலத்திலோ யாரோ கழற்றி, எதிர்ப்பக்கம் கொக்கி மாட்டியிருந்தார்கள். மூடினால் திறக்கும், திறந்தால் மூடும். அவர் வெளியே வந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், "அஞ்சு நிமிஷ வேலை. மாத்திடட்டுமா?" என்றார்.

பச்சையம்மாள் கூடைக்கு வைத்த குங்குமத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ வர வியாழக்கிழமை பாண்டிச்சேரி சவாரி?" என்று மெதுவாகக் கேட்டாள். "கடல் காட்டறேன்னு சொன்னியேடா."

நோயைக் கண்டுபிடித்ததில் யாருக்காவது நஷ்டம் வரும் என்று பாஞ்சாலை அதுவரை நினைத்ததில்லை. கண்டுபிடித்த சந்தோஷம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

"போறீங்க அத்தை" என்றாள். "நானும் லீவு போட்டுட்டு வரேன். சகாதேவண்ணே, வியாழக்கிழமை கழிச்சி மாத்திக்கலாம்."

வியாழக்கிழமை ஒரே ஒரு இத்தாலிக்காரர் சவாரி. அத்தை முன்னால், அவரும் பாஞ்சாலையும் பின்னால். அவரைப் பாண்டிச்சேரியில் இறக்கிவிட்டுக் கடற்கரைக்குப் போனார்கள். பச்சையம்மாள் பாறைமேல் நின்று பார்த்தாள். பிறகு பாறைகளைப் பிடித்துக்கொண்டே தண்ணீருக்கு இறங்கி, ஒரு பெரிய அலையில் தலையிலிருந்து கால் வரை நனைந்து, சின்னப் பெண்மாதிரி கத்தினாள். திரும்பும்போது மழையும் பிடித்துக்கொண்டது. திண்டிவனம் வருவதற்குள் அவளுக்குப் பல் தந்தியடித்தது.

"டேய், கொஞ்சம் சூடு வையேன்டா."

அந்தக் காரில் ஏறிய எவரும் கேட்டிராததை அத்தை கேட்டாள். ராஜமாணிக்கம் யோசிக்காமல், ஏற்கனவே சிவப்பில் இருந்த குச்சியை இன்னொரு அழுத்து அழுத்தி ஃபேனைப் போட்டான். ஈரக்காற்று சில்லென்று முகத்தில் அடித்தது. "அய்யோ, அது இல்ல" என்று பின்னாலிருந்து பாஞ்சாலை கத்த, அவன் தடுமாறி மேலே தள்ளினான். கொஞ்ச நேரத்தில் இதமான சூடு பரவத் தொடங்கியது. அத்தை இரண்டு கையையும் அந்த ஓட்டைக்கு நேராக நீட்டிக்கொண்டு, "இதப்போயி கெட்டுப் போச்சின்னிங்களே" என்றாள்.

செஞ்சி தாண்டும்போது தூங்கிவிட்டாள். பாஞ்சாலை முன்னால் எட்டி, அவள் முந்தானை காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.