முள் இறங்கும் வரை

"சாவியக் குடு பவளம். தெருக்கோடி வரைக்கும்தான் பொம்பளைங்க. தெரியாதா உனக்கு?" என்றார் தாய்மாமன் மாதேஸ்வரன்.

பவளம் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவள் அப்பா சென்றாயன் பிக்கப்பில் மாலைகளுக்கு நடுவே படுத்திருந்தார். நேற்று சாயங்காலம் நெஞ்சுவலி என்று சாய்ந்தவர் எழவேயில்லை. ராயக்கோட்டை மண்டிக்கு இருபத்தாறு வருடம் தக்காளி ஏற்றிய வண்டி அது. கடைசிப் பயணமும் இதில்தான் என்று சாமல்பட்டி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார், மனிதர். ஆனால் ஓட்ட ஆள் வேண்டுமே! சற்று முன்புதான் பெரியப்பா மகன் கௌதம் மூன்று முறை கிளப்பிப் பார்த்திருந்தான். மூன்று முறையும் வண்டி குதித்து நின்றது, பாடை குலுங்கியது. "அடப்பாவி, இறங்குடா!" என்று கூட்டமே கத்த, பவளம்தான் சாவியை உருவி எடுத்திருந்தாள்.

"நான் ஓட்டறன் மாமா."

மாமா பாடைக் கயிற்றை இழுத்து இறுக்கினார். "சரி, ஏறு. ஆனா வழியில நின்னுச்சுன்னா நாங்க தோள்ல தூக்கிடுவோம். நீ அப்படியே வீட்டுக்குத் திரும்பிடணும்."

சுடுகாட்டுக்கு இரண்டு கிலோமீட்டர். மேளம் முன்னால், வண்டி பின்னால், நடை வேகம். பழைய வண்டிக்கு இது எப்பேர்ப்பட்ட சோதனை என்று வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும். ஓடினால்தான் ரேடியேட்டரில் காற்றுப் படும். ஊர்ந்தால் எஞ்சின் கொதிக்கும். உச்சிவெயில் வேறு.

போன ஞாயிற்றுக்கிழமைதான் அப்பாவும் அவளும் ரேடியேட்டரை இறக்கி, அது உட்காரும் ரப்பரை மாற்றினார்கள். ஓசூர் கம்பெனியில் நாள் முழுக்க போல்ட் முடுக்குகிற கை அவளுக்கு. இறுக்கிவிட்டாள்.

"அவ்ளோ முடுக்காத கண்ணு. கொஞ்சம் ஆட்டம் இருக்கட்டும். இல்லன்னா பள்ளத்துல விழுந்தா ஓரம் பிச்சுக்கும்," என்று அவரே தளர்த்தினார்.

"கம்பெனில இப்படி விட்டா என்ன வேலைய விட்டே தூக்கிடுவாங்கப்பா," என்று சிரித்தாள்.

ஏரிக்கரையில் பட்டாசு வெடிக்கக் கூட்டம் நின்றது. சூடு காட்டும் முள் முக்காலைத் தாண்டியது. நகருங்கடா, நகருங்க! நியூட்ரலில் போட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். ஃபேன் வேகமெடுத்து இரைந்தது. முள் ஏறாமல் நின்றது.

அடுத்தது வாய்க்கால் பள்ளம். முன்சக்கரம் டங்கென்று இறங்கியது. போச்சு! மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். ஆவி வரவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஒழுகவில்லை.

"தாங்கிடுச்சுப்பா! தாங்கிடுச்சு!" என்று கத்தியே விட்டாள். மேளக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. யார் பார்த்தால் என்ன?

சுடுகாட்டு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தியபோது முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. பாடையை இறக்கினார்கள்.

"கொண்டாந்து சேத்துட்டம்மா. அணைச்சிட்டுக் கிளம்பு, பைக்ல விடச் சொல்றன்," என்றார் மாமா.

"சூட்டோட சட்டுனு அணைக்கக்கூடாது மாமா. முள் இறங்கற வரைக்கும் ஓடணும். அப்பா சொல்லுவாரு."

மாமா விறகுப் பக்கம் போனார். விறகு அடுக்கினார்கள். கௌதம் கொள்ளி வைத்தான். பவளம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

முள் வழக்கமாக நிற்கும் பாதிக்கு இறங்கி வெகுநேரம் ஆகியிருந்தது. மாமா வந்து ஜன்னலுக்குள் தலையை நீட்டி மீட்டரைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

"இன்னும் ஆறலை போலருக்கு," என்றார். "இரு."