கூட ஒரு திருகு

ஃப்ரிட்ஜில் முட்டை அடுக்கும் தட்டில்தான் எங்கள் மருந்து நிரப்பிய ஊசிப் பேனாக்களை வைத்திருந்தோம். வேறு இடமில்லை, கிண்டலுக்குச் செய்ததல்ல. நீல மூடி என்னுடையது. பச்சை மூடி என் ஓரகத்தியுடையது.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தும் எங்கள் இருவருக்கும் பிள்ளை வேண்டி ஒரே டாக்டர், ஒரே ஊசி மருந்து. அளவுதான் வேறு. சின்னவளுக்கு முழு அளவு ஊசி. கருமுட்டைகளை ஒரேயடியாக நிறைய வளர்க்கிற முறை. எனக்கு மாத்திரை, அதோடு பெயருக்குக் கொஞ்சம் ஊசி. முழு அளவை எனக்கும் முன்பே போட்டுப் பார்த்தாயிற்று. நாற்பத்திரண்டு வயதுக்காரியிடம் அது பலிக்கவில்லை. இந்த மென்மையான முறையும் கைகொடுக்காவிட்டால் இனி என் முட்டையை நம்பிப் பயனில்லை, வேறொரு பெண்ணிடம்தான் வாங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பூசி மெழுகாமல் சொன்னதற்கு அவருக்கு நன்றி சொல்லியிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை.

ஊசி என்றால் அண்ணன் தம்பி இருவருக்குமே வேர்த்துக் கொட்டும். அதனால் சாயங்காலம் சமையலறையில் நான் அவளுக்குப் போடுவேன், அவள் எனக்குப் போடுவாள். பேனாவின் அடியைத் திருகி அளவு வைத்து, தொப்புளுக்குப் பக்கத்தில் குத்த வேண்டும். என் முறை வரும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

கடைசிவரை வரவேண்டிய என் பேனா பாதியிலேயே தீர்ந்துபோனது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நான் கத்தத் தொடங்கியதும் சின்னவள் வாயைத் திறந்தாள்.

"நான்தான்க்கா தினமும் கொஞ்சம் கூடத் திருகினேன்."

"எதுக்குடி?"

"எனக்கு அவ்வளவு போடறாங்க, உங்களுக்கு மட்டும் சொட்டு சொட்டா. பாக்க மனசு கேக்கல."

சோறு பரிமாறுகிறவள் கேட்காமலே இன்னொரு கரண்டி வைப்பாளே, அப்படி வைத்திருக்கிறாள். "அறிவிருக்கா உனக்கு? இது என்ன சாம்பாரா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அது போதவில்லை.

டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கெடுதல் ஒண்ணும் இல்ல. பிரயோஜனமும் இல்ல. இருக்கறதைத்தாம்மா மருந்து வளர்க்கும், இல்லாததை உண்டாக்காது. அவங்களுக்கு நிறைய இருக்கு, அதனால அந்த முறை. உங்களுக்கு ரெண்டுதான். அதுக்கு இது போதும்."

இரண்டில் ஒன்றுதான் எடுக்கக் கிடைத்தது. மறுநாள் ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. அதுவும் கருவாகவில்லை. குரல் மரியாதையாகத்தான் பேசியது. போனை வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இனி எனக்கு என் ஜாடையில் ஒரு பிள்ளை கிடையாது.

சின்னவள் வீங்கிய வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மறுநாள் அவளுக்கு முட்டை எடுக்கப் போகிறார்கள்.

"பதினஞ்சுக்கு மேல இருக்காம்க்கா. பாதிய நீங்க எடுத்துக்கங்க. இவர்கிட்ட பேசிட்டேன், சரின்னுட்டார். டாக்டர்கிட்டயும் நானே கேக்கறேன்."

"வேணாம்."

"வேற யார்கிட்டயோ வாங்கத்தானே போறீங்க?"

"ஆமா."

"முகம் தெரியாதவளோடது பரவால்ல, என்னோடது ஆகாதா? ஊசி விஷயத்துல இன்னும் கோபமா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். எனக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை.

"முகம் தெரியாதவன்னா, பொறக்கறது என்னை மாதிரி இருக்குன்னு நானா சொல்லிக்கலாம். உன் முகத்தைத் தினம் பாக்கறேனே."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏன்க்கா, என்னை மாதிரி இருந்தா நல்லா இருக்காதா?"

"நல்லாத்தான் இருக்கும்," என்றேன். "அதான் வேணாங்கறேன்."