சுவருக்குள் போன மேசை

கனடாவில், வெக்ஸ்போர்ட் பகுதியின் லோரன்ஸ் வீதியோரம் நிற்கிற பழைய தொடர்மாடிக் கட்டடத்தின் பதினோராம் மாடியில், மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், யூஜினி அன்ரியின் சாப்பாட்டு மேசை இன்னுமொரு ஆள் இருந்து சாப்பிடுகிற அளவுக்கு வளர்ந்தது. அதே கிழமை தக்காளி விலையும் ஏறியது. அன்ரி கவலைப்பட்டது தக்காளிக்குத்தான். மேசை வளர்ந்ததை அடுத்த நாள், வீடு கூட்டும்போது அதன் மூலை இடுப்பில் இடித்த பிறகுதான் கண்டார். "இருக்கிற கரைச்சல் காணாதெண்டு இதுவும் ஒண்டு" என்று முணுமுணுத்தபடி மேசை விரிப்பை இழுத்துப் பார்த்தார். விரிப்பு எட்டவில்லை.

மேசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மோர்னிங்சைட்டில் யாரோ வீடு மாறும்போது அன்ரியின் கணவர் அலெக்ஸாண்டர் மலிவாக வாங்கி, வான் வண்டியின் கூரையில் கட்டிக் கொண்டுவந்த நாலு பேருக்கான சாதாரண மேசை. அலெக்ஸாண்டர் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்து மூன்று மாரி கழிந்துவிட்டது. ஒரே மகன் பிரியந்தன் கல்கரியில் பெண்சாதி பிள்ளைகளோடு இருந்தான். அன்ரி ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் சமைத்து ஓய்வு பெற்றவர். நூறு பேருக்கு அளவு பிசகாமல் உப்புப் போட்ட கைக்கு ஒரு ஆளுக்குச் சமைக்கத் தெரியவில்லை. அரைச் சுண்டு அரிசி போட்டாலும் மிஞ்சியது. மிஞ்சியதை மூன்று நாள் சூடாக்கிச் சாப்பிட்டுவிட்டு, மாதா படத்துக்கு முன்னால் நின்று, "என்னை இன்னும் என்னத்துக்குத் தாயே வைச்சிருக்கிறீங்கள்?" என்று கேட்பார். மாதாவுக்கும் உடனே மறுமொழி சொல்ல நேரமில்லை போலும்.

பிரியந்தன் கெட்ட பிள்ளை இல்லை. ஞாயிறு தவறாமல், பூசை முடிந்து அன்ரி பஸ்ஸில் வீடு வந்து சேருகிற நேரம் பார்த்துப் போன் எடுப்பான். சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா, அங்கே குளிரா, இங்கேயும் சரியான குளிர். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு அமைதி வரும். அந்த அமைதிக்குள் அவன் போனை வைக்க ஒரு சாட்டுத் தேடுவது அன்ரிக்கு வடிவாகக் கேட்கும். பெற்ற பிள்ளை தன்னிடம் பொய் சொல்ல வேண்டி வரக்கூடாது என்று அவர் முந்திக்கொள்வார். "சரி தம்பி, சாப்பிட ஆக்கள் வாறினம். வைக்கிறன் என்ன?" ஒருவரும் வருவதில்லை. போனை வைத்துவிட்டுத் தனியே கதிரையில் இருந்து சோற்றைப் பிசைவார். தாய்மார் பிள்ளைகளுக்காகச் சொல்கிற பொய்க்கு வானத்தில் தள்ளுபடி உண்டென்றுதான் அவர் அதுவரை நினைத்திருந்தார்.

பங்குனி பிறந்தபோது மேசை ஏழு பேர் இருக்கத்தக்கதாகிவிட்டது. அன்ரி படித்த படிப்புக் குறைவென்றாலும் விசயம் பிடிபட அதிக நாள் எடுக்கவில்லை. ஆக்கள் வாறினம் என்று சொன்ன ஞாயிறெல்லாம் அது வளர்ந்தது. பல் வைத்தியர் நன்றாகப் பல் தீட்டுகிறீர்களா என்று கேட்டதற்கு ஓம் என்று பொய் சொல்லிவிட்டு ஓடி வந்து பார்த்தார், மேசை அசையவில்லை. வெறும் வீட்டைப் பார்த்து ஆக்கள் வாறினம் என்று உரத்துச் சொல்லியும் பார்த்தார், அதற்கும் அசையவில்லை. காது கொடுத்துக் கேட்கிற ஒரு மனிதரிடம் அந்த ஒரு பொய்யைச் சொன்னால் மட்டுமே மேசைக்குக் கோபம் வந்தது. கோபமா இரக்கமா என்று கட்டடத்தில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு.

தவக்காலம் என்பதால் அன்ரி ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். உள்ளே என்ன பேசப்பட்டது என்பதை ஃபாதர் செத்தாலும் சொல்லமாட்டார். அன்ரிதான் பிறகு எல்லாருக்கும் சொன்னார். மேசை வளருவதைக் கேட்டு ஃபாதர் திடுக்கிடவில்லையாம். "பொய்யை மெய்யாக்கிற வழி உங்கட கையிலதானே இருக்கு. கூப்பிடுங்கோவன் ஆக்களை" என்றாராம். இவ்வளவு சுலபமான பரிகாரத்தை அன்ரி எதிர்பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறே கோயில் வாசலில் நின்று, ஈஸ்டருக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும்படி தெரிந்தவர்களையெல்லாம் கேட்டார். எல்லாரும் அவருடைய கையைப் பிடித்து, "ஐயோ, கட்டாயம் வருவம் அன்ரி" என்றார்கள். இந்த ஊரில் கட்டாயம் என்றால் என்ன பொருள் என்று அன்ரிக்குத் தெரியாமலா? தெரிந்தும் நம்பினார். ஆசை அப்படி.

ஈஸ்டர் அன்று விடியவே எழும்பி ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, மிளகாய்ப் பொரியல், அலெக்ஸாண்டருக்கு விருப்பமான, முட்டையும் தேங்காய்ப்பாலும் அடித்து அவித்த வட்டிலப்பம் எல்லாம் செய்து மூடி வைத்தார். பதினொரு மணிக்கு, கோயில் வாசலில் கட்டாயம் என்ற நிரோஷினி போன் எடுத்தாள். ஏஜாக்ஸில் வீடு வாங்கியிருக்கிறார்களாம், அதைப் போய்ப் பார்க்க வேண்டுமாம். பிறகு யோசப் எடுத்தான். புது வான் எடுத்திருக்கிறானாம், ஓடிப் பார்க்க வேண்டுமாம். பிரதீபாவுக்குக் கலியாணம் முடிந்து ஒரு மாதம். மாப்பிள்ளை பகுதியில் விருந்தாம். விருந்துக்கு வராதவர்கள் இரண்டாயிரம் வருடமாகச் சொல்கிற சாட்டு இந்த மூன்றும்தான். யேசு ஆண்டவர் அதைக் கதையாகச் சொல்லியும் வைத்தார். ஒவ்வொரு வருடமும் பூசையில் கேட்டுவிட்டு எங்கள் சனம் அதையே சொல்கிறது. மற்றவர்கள் போன்கூட எடுக்கவில்லை.

அன்ரி இரண்டு மணி வரைக்கும் பார்த்தார். பிறகு ஒரு தட்டில் தனக்குப் போட்டுக்கொண்டு இருந்தபோது பிரியந்தன் எடுத்தான். "எப்பிடி அம்மா, எல்லாரும் வந்தவையே?" என்று கேட்டான். "ஓம் தம்பி, வீடு நிறையச் சனம். உன்னோட கதைக்கவும் ஏலாமக் கிடக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார். அப்போதுதான் மேசை ஒரேயடியாக நகர்ந்தது. தரிப்பிடத்திலிருந்து பஸ் புறப்படுவதுபோல அவசரமில்லாமல் புறப்பட்டு, சோபாவை ஓரமாக ஒதுக்கிவிட்டு, எதிர்ச் சுவருக்குள் போய் நின்றது. சத்தமில்லை. சுண்ணாம்பு கொட்டவில்லை. வட்டிலப்பம் ஆடக்கூட இல்லை. சுவர் அந்த இடத்தில் மேசைக்கு வழி விட்டுக்கொடுத்திருந்தது, அவ்வளவுதான்.

அன்ரி அன்று அழுதது மேசைக்காக இல்லை. தட்டிலிருந்த சோற்றுக்குள் கண்ணீர் விழ விழ, வாய்விட்டு அழுதார். அழுது முடிந்த பிறகுதான் பயம் வந்தது. குறைந்த வாடகை வீட்டுக்காக வருடக்கணக்கில் காத்திருந்து கிடைத்த இடம் இது. ஆறாம் மாடியில் ஒரு குடும்பம் கேட்காமல் ஒரு சுவரை உடைத்ததற்காகக் கட்டட அலுவலகம் அவர்களை வெளியேற்றிவிட்டது. தன்னையும் வெளியேற்றினால் போக்கிடம் கல்கரியில் மகனின் நிலக்கீழ் அறைதான். மருமகள் நல்ல பிள்ளை, ஆனால் நடந்து போகிற தூரத்தில் பஸ் இல்லை, தமிழ்ப் பூசை இல்லை, போனை வைக்கச் சாட்டுத் தேடுகிற அந்த அமைதி மட்டும் ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு மேசையில் இருக்கும். அன்ரி, யேசுவும் சீடரும் மேசையில் இருக்கிற இராப்போசனப் படத்தைக் குசினியிலிருந்து கழற்றி, மேசை சுவருக்குள் போகிற இடத்தில் சாத்தி வைத்து மறைத்தார். ஒருவரிடமும் சொல்லவில்லை.

சித்திரை போய் வைகாசியும் வந்தது. பக்கத்து வீட்டில் வயதான ஒருவர் தனியே இருப்பது மட்டும் அன்ரிக்குத் தெரியும். லிஃப்டில் கண்டால் தலையாட்டுவார். மேசை போய் நுழைந்த சுவருக்கு அப்பால்தான் அவர் இருமுவது கேட்கும். ஒரு வெள்ளிக்கிழமை அந்த இருமலோடு சேர்ந்து ஏதோ விழுகிற சத்தமும் கேட்டது. என்ர மேசையில தடக்கி அந்த மனுசன் விழுந்திருந்தால்? வீடு போனால் போகட்டும், கல்கரியும் கனடாதானே என்று எண்ணிக்கொண்டு எழும்பினார். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகிற பழக்கம் அவருக்கு இல்லை. ஆனாலும் அன்று ஒன்றும் கொண்டு போகவில்லை. கறியோடு போனால் அது லஞ்சம்.

கதவைத் திறந்தவர் கையில் ஒரு வெறும் எவர்சில்வர் டம்ளர் இருந்தது. விழுந்தது அதுதான்.

"ஐயா, நான் பக்கத்து வீடு, யூஜினி. உங்களுக்கு ஒண்டும் நடக்கேல்லையே?"

"ஒண்ணும் இல்லம்மா. நான் சுப்பிரமணியன். உள்ள வாங்க."

"வரமுந்தி ஒரு உண்மையைச் சொல்லவேணும்" என்றார் அன்ரி. வாசலில் நின்றபடியே சொன்னார். "என்ர மேசை உங்கட சுவருக்குள்ளால வந்திட்டுது. நான் மகனுக்குப் பொய் சொன்னதாலதான் வளர்ந்தது. ஆக்கள் வாறினம், ஆக்கள் வாறினம் எண்டு சொன்னன். ஒருத்தரும் வாறேல்லை ஐயா. ஒருத்தருமே வாறேல்லை. நீங்கள் ஒஃபிசில சொல்லுங்கோ. நான் கோவிக்கமாட்டன்."

சுப்பிரமணியன் வழி விட்டார். அவருடைய அறையில், சுவரிலிருந்து புறப்பட்ட மேசையின் மறுமுனை சீராகத் துடைக்கப்பட்டு நின்றது. அதில் பாதி சாப்பிட்ட தயிர்சாதம், ஊறுகாய். பக்கத்தில் கவிழ்த்து வைத்த இன்னொரு தட்டு.

"இது என்னால வந்ததுன்னுல்ல நெனச்சேன்" என்றார் அவர். மகள் தீப்தி வேலை மாறி வன்கூவருக்குப் போய் இரண்டு வருடமாம். வீடு எடுத்ததும் கூட்டிப் போகிறேன் என்றாளாம். "அன்னிக்கு ஈஸ்டர் லீவு, போன் பண்ணினா. என்னப்பா தனியா இருக்கீங்களான்னு கேட்டா. இல்லம்மா, பக்கத்து வீட்டுல சாப்பிடக் கூப்பிட்டிருக்காங்க, கெளம்பிட்டே இருக்கேன்னு சொல்லிட்டு வெச்சேன். வெச்சதும் சுவத்துலேர்ந்து இது வந்து நின்னுச்சு. பொய் சொன்னதுக்குத் தண்டனைன்னு நெனச்சேன். ஆபீஸ்ல சொன்னா வீட்டைக் காலி பண்ணச் சொல்வாங்களோன்னு பயம். அதான் வாயைத் திறக்கல."

அன்ரி கவிழ்த்து வைத்த தட்டைப் பார்த்தார். அது யாருக்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இருவரில் ஒருவராவது உடைந்திருப்பார்.

"அப்ப வாங்கோ" என்றார். "நான் கூப்பிடுறன். சாப்பிட வாங்கோ."

"நான் சைவம்மா."

"இண்டைக்கு வெள்ளி. எங்கட வீட்டிலயும் மரக்கறிதான்."

திங்கட்கிழமை இருவருமாக அலுவலகத்துக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற பிலிப்பைன்ஸ்காரர் வந்து, சுவரைத் தட்டி, மேசைக்கு மேலும் கீழும் விரலை ஓட்டிப் பார்த்தார். வெடிப்பில்லை, தண்ணீர் கசியவில்லை, ஆகவே முறைப்பாடில்லை என்றார். போகும்போது ஒரு தட்டு சோறும் கத்தரிக்காய்க் கறியும் சாப்பிட்டார். அதன்பிறகு திங்கட்கிழமைகளில் அவருக்கு அந்த மாடியில் ஏதாவது வேலை இருந்தது. கீழே குடியிருக்கிற தமிழ்நாட்டு மாணவர்கள் இரண்டு பேர் வாசனை பிடித்து வந்தார்கள். மேசை வளர்ந்ததே தவிரக் கதிரைகள் ஒன்றும் முளைக்கவில்லை. அவற்றை அவரவரே கொண்டுவர வேண்டியிருந்தது. மேசையைப் பற்றிக் கேள்விப்பட்டு நிரோஷினியும் யோசப்பும்கூட ஓடி வந்தார்கள், படம் பிடிக்க.

பிரியந்தனுக்குச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. ஒரு ஞாயிறு, வழக்கமான அமைதி வந்தபோது, அன்ரி சாட்டுச் சொல்லவில்லை.

"தம்பி, நான் உனக்குப் பொய் சொன்னனான். அந்த ஞாயிறுகள் ஒண்டிலயும் ஒருத்தரும் வரேல்லை. ஈஸ்டருக்கும் வரேல்லை."

"தெரியும் அம்மா" என்றான். "பின்னால ஒரு சத்தமும் கேக்கிறேல்லைத்தானே. ஒரு கோப்பை வைக்கிற சத்தம்கூட."

"தெரிஞ்சுகொண்டே கேக்காம விட்டனி?"

"கேட்டா, நான் வரவேண்டி வந்திருக்கும்."

அன்ரிக்குக் கோபம் வரவில்லை. அவன் அப்படி ஒரு உண்மையைத் தன்னிடம் சொல்லி எத்தனை வருடம்! இருவரும் போனை வைக்காமல் அப்படியே இருந்தார்கள். மேசை அன்றிலிருந்து வளரவும் இல்லை, குறையவும் இல்லை. மார்கழியில், யேசு பிறந்த நத்தாருக்குப் பிரியந்தன் வந்து மூன்று நாள் நின்றான். இனி ஒவ்வொரு வருடமும் வருவான் என்று எழுத எங்களுக்குத் துணிவில்லை.

தை மாதம் பனிப்புயல் அடித்த கிழமை பஸ் ஓடவில்லை, மாணவர்கள் வரவில்லை, சுப்பிரமணியனுக்குத் தடிமனும் காய்ச்சலும். அன்ரிக்கு வந்து தொற்றிவிடும் என்று அவர் கதவைத் திறக்க மறுத்துவிட்டார். அன்ரி கொத்தமல்லி போட்டு ஒரு ரசம் வைத்து, அவருடைய வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, மேசையின் தன் முனையில் தனியாக இருந்தார். வீட்டில் ஒரு சத்தமில்லை. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, கையை மேசையில் வைத்துக் காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் மேசை லேசாக அதிர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் தட்டை வைத்துவிட்டார் என்று தெரிந்ததும், அன்ரி சிலுவை அடையாளம் போட்டுச் சாப்பிடத் தொடங்கினார்.