முப்பது அடி

சதுப்பு நிலக் காவலருக்கு ஊரார் வைத்திருந்த பெயர் ‘முப்பதடி’. பறவைகள் அடைகாக்கும் மாதங்களில் கூட்டிலிருந்து முப்பது அடிக்குள் மனிதக் கால் படக்கூடாது என்பது விதி. அதை அவரைப் போல உடும்புப்பிடியாகப் பிடித்தவர் யாருமில்லை. ஊர் வலைக்காரர் ஒருவரின் படகை இரண்டு முறை மடக்கிக் கரைக்கு இழுத்துவந்தார். சொந்த மச்சானையே சேற்றில் பாதி வழியில் நிறுத்தி, வந்த வழியே நடக்கவைத்தார்.

பறவைக் கணக்கெடுப்புக்காக அவர் ஒரு வாரம் நீர்ப்பரப்பிலேயே கிடந்தார். அலுவலகம் பூட்டியிருந்தது. திரும்பி வந்த காலையில் பார்த்தால், வாசலில் நின்ற ஸ்கூட்டரின் முன்சக்கரத்தை ஒட்டி, சரளைக்கல் நடுவே நான்கு முட்டைகள். பக்கத்தில் ஓர் ஆள்காட்டிக் குருவி, ஊரையே கூட்டும் குரலில் கத்திக்கொண்டிருந்தது.

ஸ்கூட்டர் அவர் மனைவியுடையது; அவள் காய்ச்சலில் படுத்திருந்ததால் போன வாரம் அவர் ஓட்டிவந்து நிறுத்தியது. நகரத்துப் பல் மருத்துவரிடம் உதவியாளர் வேலை; விடுப்பு முந்தின நாளோடு முடிந்திருந்ததால் வண்டியைக் கேட்டு வந்து நின்றாள்.

“சாவியைக் குடுங்க, நேரமாச்சு.”

“வண்டிய எடுக்க முடியாது.”

“ஏன், பெட்ரோல் இல்லையா?”

“முட்டை இருக்கு.”

பல்லே வலிக்கவில்லை என்று சாதிக்கும் நோயாளியைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தாள். “தூக்கி அந்தப் பக்கம் வைங்க. நாலு முட்டைதானே, நாலு யானையா?”

“இடம் மாறினா அது விட்டுட்டுப் போயிடும். அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் வலைக்காரரைத் தடுக்கறது?”

“உங்க மூஞ்சிக்காக நான் ஒரு மாசம் பஸ்ல போகணுமா?”

“இருபத்தெட்டு நாள்.”

“அடேங்கப்பா, ரெண்டு நாள் தள்ளுபடி!”

மதியத்துக்குள் சேதி பரவிவிட்டது. வலைக்காரர் கயிற்றோடு வந்து, வெகு பணிவாக முப்பது அடி அளந்து, முட்டைகளைச் சுற்றிக் கயிற்றை வளையமாகப் போட்டார்.

“ஐயா, ஆபீஸ் கதவு பன்னெண்டு அடியிலேயே வந்துடுதே. இனிமே உள்ள எப்படி?”

காவலர் கட்டடத்தைச் சுற்றிப் போய், பின்பக்க ஜன்னல் வழியாக ஏறிக் குதித்தார். அன்றிலிருந்து தினமும் அதுதான் வழி. வேடிக்கை பார்க்க வலைக்காரர் தினமும் கரையில் ஆஜர்.

இருபதாம் நாள் மேலதிகாரி ஆய்வுக்கு வந்தார். நல்ல பருத்த உடம்பு. நேரே வாசலை நோக்கி நடந்தார்.

“சார்! நில்லுங்க! முப்பது அடி!” என்று கத்தினார் வலைக்காரர்.

“யாருய்யா நீ?”

“ரெண்டு தடவை மாட்டினவன், சார்.”

அதிகாரி காவலரைப் பார்த்தார். காவலர் கணக்குப் போட்டார். இவரை விட்டால் நாளைக்கு எல்லாப் படகும் உள்ளே வரும். தடுத்தால் வேலைக்கே உலை.

“ஜன்னல் பின்பக்கம் இருக்கு, சார்.”

அதிகாரி பாதியில் சிக்கிக்கொண்டார். காவலர் உள்ளிருந்து இழுக்க, வலைக்காரர் வெளியிலிருந்து தள்ள, ஒருவழியாக உள்ளே வந்து விழுந்தார். தூசியைத் தட்டிக்கொண்டு ஆய்வுப் புத்தகத்தில் எழுதினார்: ‘விதி கடைப்பிடிக்கப்படுகிறது. ஜன்னலைப் பெரிதாக்கவும்.’

இருபத்தெட்டாம் நாள் நான்கு பஞ்சு உருண்டைகள் தாயின் பின்னால் கோரைப்புல்லுக்குள் நடந்து மறைந்தன. மனைவி சாவியைத் திருகினாள். வண்டி இருமக்கூட இல்லை.

“நல்லா தள்ளிவிட ஒரு ஆள் வேணும்,” என்றாள்.

கரையில் நின்ற வலைக்காரர் ஓடிவந்தார். கயிற்று வளையத்துக்கு வெளியே சட்டென்று நின்றார்.

“வரலாமா, ஐயா?”

இத்தனை வருடத்தில் அவர் அனுமதி கேட்டது அதுவே முதல் முறை. காவலர் குனிந்து, சக்கரத்தடியில் ஐந்தாவது முட்டை ஏதும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“வரலாம்.”