ரெண்டு பர்சென்ட்

கவரைப் பிரித்ததும் புருஷோத்தமன் நோட்டுகளை எண்ணவில்லை. கட்டை விரலால் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தான், அவ்வளவுதான். ஆயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய், எல்லாம் ஐம்பதும் இருபதும் பத்துமாக. ஒவ்வொரு நோட்டிலும் எட்டாய் மடித்த தடம். பெரிய மார்க்கெட் பக்கம் இருபது வருஷமாகப் பாத்திரக்கடை கல்லாவில் உட்கார்ந்தவனுக்கு, நோட்டைப் பார்த்தாலே அது எங்கே படுத்திருந்து எழுந்து வருகிறது என்று தெரிந்துவிடும். மீன்காரம்மா கொடுப்பது ஈரமாக வரும். பூக்காரம்மா கொடுப்பது சுருக்குப் பையில் சுருண்டு வரும். எட்டாய் மடிந்தது உண்டியல் வாயில் நுழைந்த நோட்டு. எந்த பேங்க்கும் உண்டியலை உடைத்துப் பணம் கொடுப்பதில்லை.

"எண்ணிக்குங்க சார்" என்றாள் சிவசங்கரி. கழுத்தில் பேங்க் அட்டை, தோளில் விண்ணப்பத் தாள்கள் பிதுங்கும் பை.

"பேங்க்குல திருப்பிக் குடுத்துட்டாங்களாம்மா?"

"குடுத்துட்டாங்க சார்." அவள் பார்வை அவன் முகத்தில் இல்லை, அவனுக்குப் பின்னால் அடுக்கியிருந்த இட்லிக் குண்டான்களின் மேல் இருந்தது.

"சரி" என்று வாங்கி வைத்துக்கொண்டான். தெரிந்தேதான் வாங்கினான்.

கதை போன தீபாவளியில் ஆரம்பித்தது. சரக்கு எடுக்கக் கையில் காசில்லை. கிரெடிட் கார்டைத் தேய்த்தான். மனைவி நிர்மலாதேவியிடம் ரொக்கம் என்றான். பத்து நாள் விடாமல் மழை. குண்டான் வாங்க வருகிறவர்களெல்லாம் ரெட்டியார்பாளையத்திலேயே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். சரக்கு தங்கியது, வட்டி மட்டும் நிற்காமல் ஓடியது. அறுபத்து இரண்டாயிரத்துக்கு மாசம் ஆயிரத்து எண்ணூறு. மாசாமாசம் வரும் ஸ்டேட்மென்ட்டை நாலாய் மடித்து மேல் தட்டில் இருக்கும் பித்தளைத் தவலைக்குள் போட்டுவிடுவான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வந்த பிறகு தவலையை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. கடையில் அதைவிடப் பத்திரமான இடமும் இல்லை. மத்தியானத்தில் கடையைப் பார்த்துக்கொள்ள வரும் நிர்மலாதேவி, "அந்தத் தவலய எடைக்காவது போட்டுத் தொலைங்களேன்" என்று சொல்லும்போதெல்லாம் அவன் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவான்.

அப்போதுதான் சிவசங்கரி கடை கடையாக ஏறி வந்தாள். பழைய கார்டு பாக்கியைப் புதுக் கார்டுக்கு மாற்றிக்கொண்டால் ஆறு மாசத்துக்கு வட்டியே கிடையாது. மாற்றுவதற்கு ரெண்டு பர்சென்ட் கட்டணம் மட்டும்.

வட்டி இல்லை என்றதுமே அவனுக்கு உயிர் வந்துவிட்டது. ஆனால் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு எழுந்து வரும் பழக்கம் அவன் பரம்பரையில் கிடையாது. ஆஸ்பத்திரியில் பிரசவ பில்லுக்கே பேரம் பேசியவர் அவன் அப்பா.

"ரெண்டா? அத எடுத்துட்டுப் பேசும்மா."

"கம்பெனி ரூல் சார்."

"நான்கூட ஃபிக்ஸட் ரேட்டுன்னு போர்டு மாட்டியிருக்கேன், பாத்தியா? அத நம்பி எவனாவது வாங்கறானா?"

"மேனேஜரைக் கேட்டுட்டு வரேன் சார்" என்று அவள் படி இறங்கிப் போய்ப் போனைக் காதில் வைத்தாள். புருஷோத்தமனுக்கு உள்ளே சிரிப்பு. வாடிக்கையாளர் அதிகம் நெருக்கினால் அவனும் "மொதலாளியக் கேட்டுட்டு வரேன்" என்று பின்னறைக்குப் போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து பத்து ரூபாய் குறைப்பான். முதலாளி அவனேதான். அவள் போனில் விளக்கு எரியவில்லை என்பதையும் கவனித்துவிட்டான். நம்ம தொழில்தான் என்று நினைத்துக்கொண்டான். அவள் ஒரு பர்சென்ட் என்று வந்தாள். அவன் தலையை ஆட்டினான். அவள் மறுபடி இறங்கினாள். மாசம் முடிய ரெண்டு நாள் இருந்தது. "இத முடிச்சா எனக்குப் பதினஞ்சு கார்டு சார். பதினஞ்சு இருந்தாதான் முழுச் சம்பளம்" என்று வாய் தவறிச் சொன்னாள். அவசரத்தில் இருக்கும் சரக்கின் வாசனை வியாபாரிக்குத் தனியாகத் தெரியும். அவன் சாய்ந்து உட்கார்ந்தான். மூன்றாம் தடவை படியேறி வந்தபோது, "சரி சார், கட்டணம் வராது. வந்தா நான் வாங்கித் தரேன்" என்றாள்.

தான் பின்னறைக்குப் போனால் குறைவது தன் லாபம். அவள் போனுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள், அந்த ரெண்டு பர்சென்ட் எங்கிருந்து குறைகிறது என்று அவன் யோசிக்கவில்லை. அன்றைக்கு யோசிக்கவில்லை என்பது அவனுக்குக் கொஞ்சம் ஆறுதல். ஸ்டேட்மென்ட்டில் கட்டணம் பிடித்திருந்ததைப் பார்த்து அவளுக்குப் போனைப் போட்டுக் கத்தியதும், இந்தக் கவரை வாங்கியதும் அந்த ஆறுதலில் சேராது.

அதோடு விட்டானா? பேங்க்கிடமே பேரம் பேசி ஜெயித்ததை டீக்கடையில் நின்று அளந்தான். ஒரு வாரத்தில் வீதி பூராவும் தெரிந்துவிட்டது. பாயும் முறமும் விற்கும் பலராமன்கூட, "கெட்டிக்காரன்டா நீ" என்று முதுகில் தட்டினார். அந்தத் தட்டு வாங்க அவன் எத்தனை வருஷம் காத்திருந்தான்!

கவர் ஸ்டேட்மென்ட்டுகளோடு தவலைக்குள் நாலு நாள் கிடந்தது. ஐந்தாம் நாள் மத்தியானம் நிர்மலாதேவி கல்லாவில் உட்கார்ந்ததும், தூசி தட்டுகிற சாக்கில் ஸ்டூலில் ஏறி அதை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சிவசங்கரியிடமே திருப்பிக் கொடுக்கக் கிளம்பினான். நேரு வீதி முனையில், பேங்க் பெயர் போட்ட குடைக்குக் கீழே சிவசங்கரியின் மேஜை. எதிரே பிளாஸ்டிக் நாற்காலி பிதுங்கப் பலராமன் உட்கார்ந்திருந்தார்.

"வாப்பா புருஷோத்து! நல்ல நேரத்துல வந்த. இந்தப் பொண்ணு ரெண்டு பர்சென்ட்டுல உடும்பு மாதிரி நிக்குது. உனக்குக் காசே வாங்காம முடிச்சுக் குடுத்ததுன்னு சொல்லு."

சிவசங்கரி நிமிர்ந்து பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை. தராசு முள் எந்தப் பக்கம் நிற்கப்போகிறது என்று பார்க்கிற பார்வை.

"நேத்து மூணு கடைக்காரங்க இதையே கேட்டுட்டு, கையெழுத்துப் போடாமப் போய்ட்டாங்க சார்" என்றாள்.

புருஷோத்தமன் கை சட்டைப்பைக்குப் போய் அங்கேயே நின்றது. பலராமன் எதிரே கவரை நீட்டினால், அடுத்து அவரும் ஒரு கவர் கேட்பார்.

"எனக்கும் ரெண்டுதான்" என்றான்.

"என்னா?"

"ரெண்டு பர்சென்ட். ஆயிரத்து எரநூத்தி நாப்பது. ஸ்டேட்மென்ட்ல புடிச்சிட்டான். உங்ககிட்ட சும்மா அளந்தேன்."

பலராமன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நாற்காலி கிறீச்சிட விழுந்து விழுந்து சிரித்தார். "அடப்பாவி! கேட்ட வெலயக் குடுத்துட்டா வந்த? உங்கப்பன் இருந்தா தூக்கு மாட்டிக்குவாரு!" கண்ணைத் துடைத்துக்கொண்டே மேஜையைத் தட்டினார். "குடும்மா பேனாவ. இவனுக்கே கொறைக்கலன்னா எனக்கு எங்க கொறைக்கப் போற."

அவர் கையெழுத்துப் போட்டார். சிவசங்கரி தாளைத் திருப்பித் திருப்பிப் பெருக்கல் குறி போட்ட இடங்களைக் காட்டினாள். புருஷோத்தமன் அவர் எழுந்து போவார் என்று காத்திருந்தான். அவரோ எழுந்ததும் அவன் தோளில் கையைப் போட்டு, "வா, இதுக்கு ஒரு டீ குடிச்சே ஆகணும்" என்று இழுத்துக்கொண்டு நடந்தார். திரும்பிப் பார்த்தான். அவள் அடுத்த தாளுக்குக் கீழே கார்பன் வைத்துக்கொண்டிருந்தாள்.

டீக்கடையில் பலராமன் ஆறு பேரிடம் சொன்னார். அங்கிருந்து கடைக்கு வருவதற்குள் கயிற்றுக்கடை வாசலில் ஒரு குரல், "என்னாண்ணே, கேட்ட வெலயாமே!" என்றது. புருஷோத்தமன் சிரித்து வைத்தான். நெஞ்சுக்கு நேரே கவர் வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. நாளைக்குக் கடை திறக்கிறதுக்கு முன்னாலேயே போய் அவளிடம் கொடுத்துவிட வேண்டும், யாரும் வருவதற்குள். இப்போதைக்குத் தவலையில் வைத்துவிடலாம் என்று படியேறினான்.

மேல் தட்டில் தவலை இருந்த இடம் வட்டமாக, தூசியில்லாமல் வெறுமையாக இருந்தது.

கல்லாவுக்கு முன்னால் தவலை உட்கார்ந்திருந்தது. பொண்ணுக்குச் சீர் வைக்கப் பாத்திரம் வாங்க வந்த ஒரு அம்மா அதை விரல் முட்டியால் தட்டி ஓசை பார்த்துக்கொண்டிருந்தாள். நிர்மலாதேவியின் மடியில் நாலாய் மடித்த தாள்கள் ஏழெட்டு. ஒன்று பிரிந்து அவள் கையில் இருந்தது. அவள் அதைப் படிக்கவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே, நீங்கதான் மொதலாளியா?" என்றாள் வந்தவள். "அக்கா வாயே தொறக்க மாட்டேங்குது. நீங்க சொல்லுங்க, கடைசியா என்னா வெல?"

புருஷோத்தமன் பின்னறைக் கதவைப் பார்த்தான். உள்ளே தண்ணீர்ச் சொம்பு இருந்தது.